சர்வர் கோளாறு

சித்திரை வெயிலில் பதினோரு பெட்டி நண்டு எங்கள் கண்ணெதிரே செத்துப்போன அன்று, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். துணிச்சலில் சொன்னதில்லை. பதினான்கு பெண்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்த அந்தக் கொட்டகையில் யாராவது ஒருத்தி ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

எங்கள் மகளிர் குழுவில் பாதிப் பேர் என்னைப் போலக் கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண்கள். மீதிப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள், கடலை ஒட்டிய உப்பு ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். படகுக்காரர்களிடம் நண்டை உயிரோடு வாங்கி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்குப் போர்த்திப் பொன்னேரியைத் தாண்டி இருக்கும் கம்பெனிக்கு அனுப்புவது எங்கள் தொழில். நண்டு கால் அசைத்தால்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். அதற்காகவே ஒரு குட்டியானை சரக்கு வண்டியைக் குழுவின் பெயரில் வாங்கியிருந்தோம். ஓட்டுவதற்கு ஓர் ஆளும் வைத்திருந்தோம்.

அன்று அந்த ஆள் வரவில்லை. மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டான், போனையும் எடுக்கவில்லை. ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்த மற்ற ஆண்கள் கடலுக்குள் இருந்தார்கள். கொட்டகை வாசலில் வண்டி நின்றது. சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. நாங்கள் சாக்குகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். பதினொரு மணிக்கு நண்டுகள் நுரை கக்குவது குறைந்தது. ஒரு மணிக்குப் பெட்டியைத் தட்டிப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை.

"நம்மள்ல ஒருத்தி ஓட்டக் கத்துக்கினா இன்னா?" என்றார் குழுத் தலைவி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். குழுவின் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். பேங்க் பாரம் நிரப்புவது, மனு எழுதுவது எல்லாம் நான்தான். அவர்களுக்கு நான் படித்தவள்.

"சரி, நான் கத்துக்கறேன்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நானும் வரேன்."

இறால் தடவும் அக்கா ஒருத்தி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள்.

"மொதல்ல எல்.எல்.ஆர். பரீட்சை எழுதணுமே. நீ மூணாவதுதான படிச்ச?" என்று யாரோ கேட்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல அமுக்குற பரீட்சைன்னாங்க. அமுக்க விரலு இருந்தா போதும்."

அன்று முதன்முறையாகக் கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். ஆனால் பரீட்சை என்ற சொல் என்னைப் பத்தாவதுக்கே கொண்டுபோய்விட்டது. நான் பத்தாவதோடு நின்றதற்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதுதான் காரணம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சின்போதும் அப்படித்தான் சொன்னோம். உண்மையில் அம்மா நன்றாகத்தான் இருந்தார். நான் கணக்கில் இரண்டு முறை பெயிலானேன். படிக்காமல் இல்லை. ஹாலில் உட்கார்ந்து வினாத்தாளைத் திருப்பியதும் எழுத்தெல்லாம் ஓரத்துக்கு ஓடுவது போல இருக்கும், கை குளிர்ந்துவிடும். இரண்டாம் முறை பெயிலானபோது நைனா மார்க் பட்டியலை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "உங்கம்மாவுக்கு முடியலன்னு சொல்லிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. அதன்பிறகு எந்தப் பரீட்சை ஹாலுக்குள்ளும் கால் வைக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல்காரர் ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கட்டுக் கொடுத்தார். முழுக்கக் கேள்வி பதிலும் சாலைக் குறிகளும். பதினைந்து கேள்வி வரும், ஒரு கேள்விக்கு முப்பது நொடி, ஒன்பது சரியாக இருந்தால் பாஸ் என்றார். அக்காவுக்கு நாற்பது வயது தாண்டியிருந்ததால் டாக்டர் சான்றிதழும் வேண்டும் என்றார். இரண்டு விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். இரண்டு பேருக்கும் ஒரே நாள் கிடைத்தது. கையில் மூன்று வாரம் இருந்தது.

தினமும் அந்த ஆள் வண்டியை எடுத்துப் போனபிறகு, மதியம் கொட்டகையில் உட்கார்ந்து படித்தோம். நான் படித்துச் சொல்வேன், அக்கா கேட்டுத் திருப்பிச் சொல்வாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், ஆனால் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். "பாதசாரிகள்" என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுவாள். குறிகளை மட்டும் தன் இஷ்டத்துக்கு ஞாபகம் வைத்துக்கொண்டாள். திரும்பக் கூடாது என்பதற்கான வளைந்த அம்பு அவளுக்குத் தூண்டில் முள். "முள்ளு மேல கோடு போட்டுக்கீது, அப்போ திரும்பாத." சாலை குறுகுகிறது என்ற குறியைப் பார்த்ததும், "தோ, முகத்துவாரம். மணலு ஏறி வாய் சின்னதாப் போச்சு" என்பாள்.

"அப்படியெல்லாம் படிக்கக் கூடாதுக்கா. அதுக்குன்னு பேரு கீது, அத்த மனப்பாடம் பண்ணு" என்று நான் அதட்டுவேன்.

"பேரு கேக்க மாட்டாங்களே. எதுன்னுதான கேப்பாங்க?"

பெரிய கேள்விகளுக்கு வேறு வழி வைத்திருந்தாள். முதல் சொல்லை மட்டும் வாசித்துவிட்டுப் பதில்களில் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லைத் தேடுவாள். ஆம்புலன்ஸ் என்று ஆரம்பித்தால் "ஓரமாக" என்று எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். இது தேறாது என்று எனக்குத் தோன்றியது. பெயிலானால் அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வயசு ஒன்றும் ஆகிவிடவில்லை, இன்னொரு தடவை எழுதலாம், இதெல்லாம் ஒரு விஷயமா. அப்படி மூன்று வாக்கியம் மனதில் தயாராக இருந்தது.

வீட்டில் என் பாடு வேறாக இருந்தது. சாயங்காலம் என் கணவர் வலை பிரித்துக்கொண்டே எனக்குக் கேள்வி கேட்பார். கட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம். பக்கம் சொன்னால் கேள்வி சொல்வேன். ஒருநாள் அவர், "முப்பது வரைக்கும் எண்ணுறேன், அதுக்குள்ள சொல்லு" என்று ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணத் தொடங்கியதும் எனக்கு அவர் குரலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. குறுகிய பாலத்தில் எதிரே வண்டி ஏற்கெனவே நுழைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? காத்திருக்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். "ஹாரன் அடிச்சிக்கினே போணும்" என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். "இன்னாமே நீ? எண்ணலன்னா கரீட்டா சொல்ற, எண்ணுனா தப்பு தப்பா சொல்ற?"

"தலவலிக்குது" என்று எழுந்து போய்விட்டேன். அதன்பிறகு அவரைக் கேள்வி கேட்க விடவில்லை.

கடைசி வாரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குள் விஷயம் பரவியிருந்தது. கடையில் நின்றால், "இன்னா, டிரைவரம்மா, எப்போ பரீட்ச?" என்பார்கள். கிண்டல் பாதி, உண்மையான எதிர்பார்ப்பு பாதி. குழுவில் என்னை யாரும் கேட்கவே இல்லை. நான் பாஸாவது அவர்களுக்கு ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். அக்காவைத்தான், "பாத்து எழுது, பயப்படாத" என்று தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சை நாளன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பொன்னேரியில் இறங்கி இன்னொரு பஸ். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரோட்டில் வந்த ஒவ்வொரு பலகையையும் எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "தோ ஸ்கூலு. தோ, லெப்ட்டு வளைவு." எனக்குக் கட்டைப் பிரிக்கவே பிடிக்கவில்லை. மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். அதன் ஓரம் என் வியர்வையில் நனைந்துவிட்டது.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் மேலும் இருபது பேர் வரிசையில் இருந்தார்கள். பெரும்பாலும் காலேஜ் பையன்கள். பெயர் கூப்பிட்டு ஆறு ஆறு பேராக உள்ளே விட்டார்கள். எங்கள் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள். சின்ன அறை. சுவரை ஒட்டி ஆறு கம்ப்யூட்டர். பேன் சத்தம் காதை அடைத்தது. மூலையில் ஓர் அலுவலர் உட்கார்ந்திருந்தார்.

மேசையில் மவுஸ் இருந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. போனைப் போலத் திரையில் விரல் வைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மவுஸை வாழ்க்கையில் தொட்டதில்லை.

பக்கத்து நாற்காலியில் அக்கா கையைத் தூக்கினாள். "சார், இத்த எப்டி புடிக்கிறது? எனுக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் ஒரு பையன் சிரித்தான். அலுவலர் எழுந்து வந்தார். கையை எப்படி வைப்பது, அம்பு எப்படி நகர்கிறது, எங்கே அழுத்துவது என்று காட்டினார். "இன்னொரு தபா காட்டு சார்" என்றாள் அக்கா. அவர் இன்னொரு முறையும் காட்டினார். பிறகு அறையைப் பார்த்து, "வேற யாருக்காவது தெரியணுமா?" என்று கேட்டார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்ததே போதும் என்று நினைத்தேன். அதுகூட உண்மையில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. படித்தவள் எப்படிக் கேட்பது?

முதல் கேள்வி வந்தது. மிக எளிது, சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. மவுஸை நகர்த்தினேன். அம்பு மேலே பறந்து காணாமல் போனது. இழுத்தேன், வலது மூலைக்குப் போனது. மேலே நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. பத்து, ஒன்பது, எட்டு. அம்பைப் பதிலின் மேல் கொண்டு வந்து அழுத்துவதற்குள் திரை மாறிவிட்டது. இரண்டாவது கேள்வியில் அம்பு நடுங்கிப் பக்கத்துப் பதிலில் விழுந்தது.

மூன்றாவதில் கை பழகிவிட்டது. ஆனால் அதற்குள் மற்றது ஆரம்பித்திருந்தது. எழுத்துகள் ஓரத்துக்கு நகர்ந்தன. கை குளிர்ந்தது. ஒரே வரியை மூன்று முறை வாசித்தேன், சொற்கள் தனித்தனியாக நின்றன, ஒன்றோடொன்று சேரவில்லை. ஜெராக்ஸ் கட்டில் இருந்த அதே கேள்விகள்தான், பதில்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. முதல் பதில் என்று மனப்பாடம் செய்து வைத்தது இங்கே மூன்றாவதாக இருந்தது. பக்கத்தில் அக்கா உதடு அசைத்து எழுத்துக் கூட்டும் சன்னமான சத்தமும், சீராக வந்த கிளிக் சத்தமும் கேட்டன. எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. அந்தச் சத்தத்தால்தான் என்னால் முடியவில்லை என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

பதினைந்தாவது கேள்வி முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது. மதிப்பெண் எட்டு. தேர்ச்சி பெறவில்லை.

அக்கா தன் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பன்னண்டுன்னு போட்டுக்கீது. பாஸா இது?" அலுவலர் எட்டிப் பார்த்து, "பாஸ்தான்மா" என்றார். என்னிடம், "அடுத்த வாரம் வேற தேதி போட்டு வாங்க" என்றார்.

வெளியே மரத்தடியில் நின்றோம். அக்காவின் கையில் எல்.எல்.ஆர். காகிதம் இருந்தது. அவள் படம் ஒட்டியிருந்த அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னைப் பார்ப்பதும் காகிதத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். அப்போது என் போன் அடித்தது. குழுத் தலைவி.

"இன்னாச்சு? எல்லாரும் இங்கதான் குந்திக்கினு கீறோம். ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன்."

நான் யோசிக்கவில்லை. வாயில் தானாக வந்தது. "பரீட்சையே நடக்கலக்கா. சர்வர் கோளாறாம். ரெண்டு பேரையும் இன்னொரு நாள் வரச் சொல்லிட்டாங்க."

"அய்ய, பேஜாரு. சரி, சரி, பத்திரமா வாங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா காகிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தை நோக்கி எனக்கு முன்னால் நடந்தாள்.

பொன்னேரி பஸ்ஸில் மறுபடியும் ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்தாள். இப்போது அவள் எந்தப் பலகையையும் பார்க்கவில்லை. எனக்கு மனதுக்குள் கணக்கு ஓடியது. அடுத்த வாரம் நான் பாஸாகிவிட்டால் இருவரும் ஒன்றாகப் பாஸானது போல ஆகிவிடும். ஒரு வாரம்தானே. அவளுக்கு இதில் என்ன நஷ்டம்? அப்படி எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அவள் காகிதத்தை மடித்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை.

பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ் வரவில்லை. "டீ குடிக்கலாமாக்கா?" என்றேன்.

"வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வாரம் பொறுத்துக்கோக்கா. நானும் பாஸாயிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க வூட்ல யாரும் எதுலயும் பாஸானதில்ல. எங்க நைனா, எங்கம்மா, என் புருஷன், என் பொண்ணுங்க, ஒருத்தரும் இல்ல. மொத தபா நான் ஆயிக்கீறேன். அத்த நீ சர்வருன்ற."

பஸ் ஸ்டாண்டில் அத்தனை இரைச்சல். எனக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"நீ பெயிலானா நான் இன்னா சிரிச்சிடுவனா? இந்த மூணு வாரம் நீ என்ன எப்டி பாத்தன்னு எனுக்குத் தெரியாதா? நான் பெயிலாவேன்னுதான நெனச்சிக்கினு இருந்த? நான் ஒண்ணும் சொல்லலியே. பாடம் சொல்லித் தரா, போவட்டும்னு வுட்டேன்."

நான் அழுதேன். அழுதது வருத்தத்தால் என்பதைவிட, பிடிபட்டதால். அழுதுகொண்டே அவளிடம் பத்தாவதைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை பெயிலானது, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்ன பொய், இன்று கம்ப்யூட்டர் முன்னால் நடந்தது, மவுஸ், எல்லாவற்றையும். மனம் இளகி என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிடிக்கவில்லை.

"அது உன் கத. அதுக்கு நான் இன்னா பண்றது? போன் போடு" என்றாள்.

போட்டேன். தலைவி எடுத்ததும், "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். "சர்வர் கோளாறுன்னு சொன்னது பொய்யி. பரீட்ச நடந்துச்சு. அக்கா பன்னண்டு எடுத்துப் பாஸ். நான் எட்டு. பெயில்."

அந்தப் பக்கம் யாரோ, "யாரு பாஸு?" என்று கேட்டார்கள். நான் மறுபடியும் சொன்னேன். ஒரே கூச்சல் எழுந்தது. போனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் காதில் வைத்து, "ம், ம், பன்னண்டு" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து மறுபடியும் பிரித்தாள்.

நாங்கள் கொட்டகைக்குப் போனபோது என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அக்காவைச் சுற்றி நின்றார்கள், காகிதம் கை மாறிக்கொண்டிருந்தது. நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாவதையும் சேர்த்து. அவர் எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். "நான் எட்டாவது பெயிலு. ஊருக்கே தெரியும். இத்தப் போயி இத்தினி வருஷம் என்கிட்ட மறச்சியா?" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது. இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அடுத்த பத்து நாளில் நான் ஜெராக்ஸ் கட்டைத் தொடவில்லை. அதற்குப் பதிலாகப் பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், மவுஸ் பிடிக்கக் கற்றுத் தாருங்கள் என்று கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாசலில் கால் மணி நேரம் நின்றேன். அங்கிருந்த பெண் சிரிக்கவில்லை, அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் கணவரை எண்ணச் சொன்னேன். முதல் நாள் தப்பு, இரண்டாம் நாளும் தப்பு. அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் இருபத்திரண்டில் பதில் வந்தது.

இரண்டாம் முறை தனியாகத்தான் போனேன். அக்காவுக்கு அன்று ஏரியில் வேலை இருந்தது. கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பாளா என்று தெரியவில்லை, நான் கூப்பிடவுமில்லை. அதே அறை, அதே பேன் சத்தம். கை குளிரத்தான் செய்தது. எழுத்துகள் நகரத்தான் செய்தன. குளிர்ந்த கையாலேயே அழுத்திக்கொண்டு போனேன். ஒன்பதாவது கேள்வியில் சாலை குறுகும் குறி வந்தது. அதன் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. முகத்துவாரம் என்றுதான் வந்தது. சரியான பதிலை அழுத்தினேன். பதினொன்று எடுத்திருந்தேன்.

வெளியே வந்து முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது, கரையேறி வந்து எடுத்திருப்பாள் போலிருந்தது.

"எவ்ளோ?"

"பதினொண்ணு."

"நான் பன்னண்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லைசென்ஸும் அவளுக்குத்தான் முதலில் வந்தது. எனக்கு வர மேலும் ஒரு மாதம் ஆனது. இப்போது ஒருநாள் அவள், ஒருநாள் நான் என்று வண்டியை எடுக்கிறோம். கம்பெனி வாசலில் பின்னால் எடுத்து நிறுத்துவது அவளுக்கு இன்னும் சரியாக வராது. அவள் முறை வரும் நாட்களிலும் நான் கூடப் போகிறேன். வாசல் வந்ததும் அவள் இறங்கிக்கொள்கிறாள், நான் ஏறிப் பின்னால் எடுக்கிறேன். கண்ணாடியில் பார்த்தால், "இன்னும் வா, இன்னும் வா, போதும்" என்று கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.